பழைய சுவரோடு புதுச் சுவரைச் சேர்த்துக் கட்டாதீர்கள்!

(திரையில்: இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒரு விரிசல், நெருக்கத்தில்)

இந்த விரிசலைப் பாருங்கள். இடப்பக்கம் பழைய வீடு, வலப்பக்கம் புதிதாகச் சேர்த்த அறை. நல்ல செங்கல், நல்ல சிமென்ட், பொறுமையாகக் கட்டிய சுவர். அப்படியும் தரையிலிருந்து கூரை வரை ஒரே கோடாகப் பிளந்து நிற்கிறது. இதைப் பூசி மறைத்தாலும் அதே இடத்தில் திரும்ப வரும். இது ஏன் வருகிறது என்று புரிந்துவிட்டால், வீட்டோடு ஓர் அறையை நாமே சேர்த்துக் கட்டும் வேலையில் பாதி புரிந்த மாதிரிதான். அதனால் இன்றைய வீடியோவில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டைப் பற்றித்தான்.

வழக்கமான விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அனுமதி வாங்குங்கள். எல்லையை அளந்து பாருங்கள். கழிவுநீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் கடப்பாரையைத் தொடாதீர்கள். புது அறை வந்தபின் உள்ளே இருக்கும் பழைய அறைக்கு வெளிச்சமும் காற்றும் எங்கிருந்து வரும் என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்யுங்கள். சரி, மண்ணுக்குப் போவோம்.

ஒரு கணக்கு. 230 மில்லிமீட்டர் கனம், 3 மீட்டர் உயரம் உள்ள செங்கல் சுவரில் ஒரு மீட்டர் நீளம் மட்டும் சுமார் 1,300 கிலோ வரும். சுவர் நெடுக, மீட்டருக்கு ஒரு காரை மண்மேல் வரிசையாக நிறுத்திவைத்த மாதிரி. மேலே 100 மில்லிமீட்டர் கான்கிரீட் கூரை போட்டால் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் இன்னொரு 240 கிலோ. இவ்வளவும் தலைமேல் ஏறினால் மண் கொஞ்சமாவது அமுங்கத்தான் செய்யும். மணல் பாங்கான தரை கட்டும்போதே பெரும்பாலும் அமுங்கி முடித்துவிடும். களிமண் அப்படி இல்லை. அதற்குள் இருக்கும் நீர் மெதுவாகப் பிதுங்கி வெளியேற வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். போதாததற்கு, ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்.

இப்போது சொல்லுங்கள். உங்கள் பழைய வீடு அமுங்க வேண்டியதையெல்லாம் என்றைக்கோ அமுங்கி முடித்துவிட்டது. புது அறை இனிமேல்தான் தொடங்கப்போகிறது. ஒன்று நிற்கிறது, ஒன்று இறங்குகிறது. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் எங்கே கிழியும்? சேருகிற இடத்தில்தான்!

(திரையில்: பீசா கோபுரம்)

இந்த இடத்தில் பீசா சாய்ந்த கோபுரத்தைச் சொல்லாமல் என்னால் போக முடியாது. 1173-இல் தொடங்கினார்கள். மூன்று மாடிகூட முழுதாக ஏறுவதற்குள் கீழே இருந்த மென்மையான மண் ஒரு பக்கமாக இறங்க ஆரம்பித்தது. 1178 வாக்கில் வேலை நின்றது. ஏறக்குறைய நூறு வருடம் அப்படியே கிடந்தது. போர்கள்தான் காரணம் என்கிறார்கள். அந்த நூறு வருட இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. களிமண்ணிலிருந்து நீர் பிதுங்கி, மண் இறுகி, மேலும் எடை தாங்கும் பலம் பெற்றது. நிற்காமல் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும் என்பது மண்ணை ஆராய்ந்த பொறியாளர்களின் முடிவு. 1272-இல் மறுபடி தொடங்கியவர்கள் சாய்வைச் சரிக்கட்ட ஒரு பக்கத்தை உயர்த்திக் கட்டியதால் கோபுரமே லேசாக வளைந்திருக்கிறது. எனக்கு இது அலுக்கவே அலுக்காத கதை. மண் தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும், நாம் அவசரப்படுத்த முடியாது.

நமக்கு நூறு வருடம் கிடையாது. அதனால் என்ன செய்வது? பழைய சுவரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கலைப் பெயர்த்து, புதுச் சுவரை அதற்குள் சொருகிக் கட்டும் வழக்கம் உண்டு. பார்க்கப் பலமாக இருக்கும். பாறை மாதிரி கெட்டியான தரையில் பரவாயில்லை, மற்ற இடங்களில் நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு சுவருக்கும் நடுவே 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள, மேலும் கீழும் நகர இடம் தருகிற துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகள் கிடைக்கின்றன, அவற்றைப் பழைய சுவரில் போல்ட் போட்டு மாட்டலாம். புது அறை தன் இஷ்டத்துக்கு இறங்கட்டும்.

(திரையில்: இடைவெளியின் குறுக்குவெட்டுப் படம்)

அந்த இடைவெளியை எப்படி மூடுவது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. தயவுசெய்து சிமென்ட் கலவையால் அடைக்காதீர்கள், அடைத்தால் இடைவெளி விட்டதே வீண். முதலில் உள்ளே விழுந்த கலவைத் துணுக்கு, செங்கல் சில்லு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். ஒரு சின்னத் துணுக்கு நடுவில் மாட்டிக்கொண்டாலும் இரண்டு சுவரும் அந்த இடத்தில் முட்டும். அப்புறம் இடைவெளியைவிடச் சற்றுப் பருமனான நுரைக் கயிற்றை உள்ளே அழுத்துங்கள். அதன்மேல் ரப்பர் மாதிரி இழுபடும் பாலியூரித்தேன் சீலன்ட்.

அந்த நுரைக் கயிறு சும்மா இடம் அடைக்க என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை! சீலன்ட் இரண்டு பக்கச் சுவரை மட்டும்தான் பிடிக்க வேண்டும். பின்பக்கமும் ஒட்டிக்கொண்டால் அதனால் தாராளமாக நீள முடியாது, கிழிந்துவிடும். நுரையில் அது கெட்டியாக ஒட்டாது, அதனால் இரண்டு பக்கமும் இழுக்கும்போது சுதந்திரமாக நீளும். சீலன்ட்டின் ஆழமும் அகலத்தில் பாதி போதும். 12 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 6 மில்லிமீட்டர். நிறைய அடைத்தால் பலம் என்று நினைப்போம், இங்கே மெல்லியதுதான் நன்றாக நீளும். இவ்வளவு மலிவான பொருளுக்குள் இவ்வளவு யோசனை இருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்குள் அந்தக் கோட்டை மறைக்கப் பட்டை அடித்தால் ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஆணி அடியுங்கள். தரை ஓடுகளையும் அந்தக் கோட்டில் வெட்டி நிறுத்துங்கள், குறுக்கே ஒட்டாதீர்கள்.

ஏற்கெனவே விரிசல் விட்ட வீட்டில் இருக்கிறீர்களா? பூசுவதற்கு முன் விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், அகலத்தையும் குறித்துவையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒல்லியாகவும் இருந்தால், புது அறையின் வெளிப்பக்கம் இறங்கி வீட்டைவிட்டு வெளியே சாய்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம். வளர்ந்துகொண்டே போனால் பூச்சு வேலைக்கு ஆளைத் தேடாதீர்கள், கட்டுமானப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

அடுத்து கடைக்கால். முதலில் பழைய சுவரை ஒட்டி ஒரு சின்னக் குழி தோண்டிப் பழைய கடைக்கால் எவ்வளவு ஆழம் என்று கண்ணால் பாருங்கள். அதற்குக் கீழே தோண்டினால் பழைய வீட்டின் காலடி மண்ணையே உருவி எடுக்கிறீர்கள். அதே ஆழத்துக்குத் தோண்டுவதாக இருந்தாலும், சுவர் நெடுக ஒரே நேரத்தில் திறக்காமல், ஒரு மீட்டர் அளவுக்குத் தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். ஆழமான குழிக்குள் தனியாக இறங்காதீர்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், சரிந்தால் கத்தக்கூட நேரம் இருக்காது.

கான்கிரீட்டில் ஒரே ஒரு விஷயம். அது காய்ந்து இறுகுவதில்லை, சிமென்ட் நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அதனால் 7 நாளாவது ஈரமாக வைத்திருங்கள், 28 நாளில்தான் கணக்கிட்ட பலம் வரும். ஆனால் கலக்கும்போது மட்டும் தண்ணீரில் கை தாராளம் வேண்டாம். 50 கிலோ மூட்டைக்கு, மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து, 25 லிட்டர் அளவில் நிறுத்துங்கள். மிச்சத் தண்ணீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் ஓட்டையாகும்.

எதையெல்லாம் நாமே செய்யலாம்? சுவர், பூச்சு, தரை, பெயின்ட் எல்லாம் பொறுமை இருந்தால் கைவரும். பழைய சுவரை உடைத்து வாசல் திறப்பது, கூரைக் கம்பிக் கணக்கு, மின்சாரம் இந்த மூன்றுக்கும் தெரிந்தவர் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலே இருக்கும் சுமைக்கு முட்டுக் கொடுக்காமல் சுவரை உடைத்தால் வீடே தலையில் இறங்கும்.

கடைசியாக, புதுக் கூரை பழைய சுவரில் வந்து சேரும் இடம். நீர்த்தடுப்புத் தகட்டைச் சுவரில் சும்மா ஒட்டாதீர்கள். கூரையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரத்தில் சுவரில் ஒரு காடி வெட்டி, தகட்டின் மேல் ஓரத்தை அதற்குள் மடித்துச் சொருகி அடையுங்கள். தகடும் ஒரு பக்கம்தான் பிடித்திருக்க வேண்டும், காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். கூரைக்குச் சரிவு 40-க்கு 1 வையுங்கள், அதாவது 4 மீட்டர் ஓட்டத்துக்கு 100 மில்லிமீட்டர் இறக்கம், வீட்டைவிட்டு வெளிப்பக்கமாக.

வாசல் திறக்கும்போது முட்டு எங்கே கொடுப்பது, லின்டல், அதாவது வாசலுக்கு மேலே சுவரைத் தாங்கும் உத்திரம், எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பது அடுத்த வீடியோ. உங்கள் வீட்டு விரிசல் மேலே அகலமா கீழே அகலமா என்று கமென்டில் எழுதுங்கள், அளவோடு எழுதினால் இன்னும் நல்லது.