கருவி தொடுவது ஒன்று, நாம் படிப்பது இன்னொன்று

[திரையில்: புகைமூட்டத்தில் பாதி மறைந்த வீவக அடுக்குமாடி புளோக்குகள்]

2013 ஜூன் 21, நண்பகல். சிங்கப்பூரில் காற்று மாசைக் காட்டும் குறியீடான பிஎஸ்ஐ, மூன்று மணி நேர அளவில் 401. அதுவரை இந்த ஊர் பார்க்காத எண். முகக்கவசம் தேடிக் கடை கடையாக அலைந்தவர்களுக்கு இன்றும் அது மறந்திருக்காது.

ஆனால் அந்த 401ஐ இன்று உங்கள் கைபேசியில் வரும் பிஎஸ்ஐ எண்ணோடு நேராக ஒப்பிட முடியாது. இரண்டும் ஒரே பெயர், வேறு வேறு கணக்கு. 2013இல் பிஎம் 2.5 என்ற மிக நுண்ணிய துகள்கள் அந்தக் குறியீட்டுக்குள் இல்லை, தனியாக அறிவித்தார்கள். 2014 ஏப்ரலில்தான் உள்ளே சேர்த்தார்கள். புகைமூட்டத்தில் நம் நுரையீரலின் ஆழம் வரை போவது முக்கியமாக அந்தத் துகள்தான். ஆகவே அன்றைய காற்றை இன்றைய முறையில் கணக்கிட்டால் எண் மாறிவிடும். காற்று என்னவோ அதே காற்றுதான்.

[திரையில்: ஆறு பட்டைகள், ஒன்று மட்டும் உயர்ந்து நிற்கிறது]

சரி, இப்போதைய பிஎஸ்ஐ எப்படி வருகிறது? ஆறு மாசுகளை அளக்கிறார்கள்: பிஎம் 2.5, அதைவிடச் சற்றுப் பெரிய துகள்களும் அடங்கிய பிஎம் 10, கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, ஓசோன், கார்பன் மோனாக்சைடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைக் குறியீடு. ஆறையும் சேர்த்துச் சராசரி எடுப்பதில்லை; எது அதிகமோ அதுதான் அன்றைய பிஎஸ்ஐ. நிலையத்தில் இருக்கும் கருவிக்கு பிஎஸ்ஐ என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்பதை மட்டும் அது சொல்லும். பிஎம் 2.5இன் 24 மணி நேரச் சராசரி 55 மைக்ரோகிராம் என்றால் அதன் துணைக் குறியீடு 100 ஆகும், 150 என்றால் 200 ஆகும், 250 என்றால் 300 ஆகும். இந்த மாற்று அட்டவணையை எழுதியது மனிதர்கள்.

புகை வரும்போதெல்லாம் ஒரு புகார் எழும். ஜன்னலைத் திறந்தால் தொண்டை எரிகிறது, செயலியைப் பார்த்தால் ‘மிதம்’ என்கிறது, எதையோ மறைக்கிறார்கள் என்று. மறைக்கவில்லை, சராசரி எடுக்கிறார்கள். காலை பத்து மணிக்குத்தான் புகை வந்தது என்றால், நேற்றிலிருந்து இருந்த நல்ல காற்றும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. துகளுக்கும் உடல்நலக் கேட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒரு முழு நாளின் சராசரியை வைத்துச் செய்யப்பட்டவை. அதனால்தான் 24 மணி நேரம். இப்போது ஓடப் போகலாமா, பிள்ளையை விளையாட அனுப்பலாமா என்பதற்கு ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவைத் தனியாகத் தருகிறார்கள். அதைப் பாருங்கள்.

எந்தத் துறைக்குப் போனாலும் இதுதான் நடக்கிறது. கருவி ஒன்றைத் தொடுகிறது, நாம் இன்னொன்றைப் படிக்கிறோம், நடுவில் ஒரு மாற்றுக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. எண்ணைச் சந்தேகிப்பதைவிட அந்தக் கணக்கை விசாரிப்பதில்தான் பயன் அதிகம்.

இயற்பியலில் இந்த இடைவெளி மிகக் குறைவு. இயற்பியலாளர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். பாரிஸ் பக்கத்தில் 1889 முதல் காப்பில் இருந்த பிளாட்டினம்–இரிடியம் உருளைதான் உலகத்தின் கிலோகிராம். நூறு ஆண்டுகளில் அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே 50 மைக்ரோகிராம் அளவுக்கு வேறுபாடு வந்தது. எது கூடியது, எது குறைந்தது என்று கேட்கவே முடியாது, உருளைதானே விதி! 2019 மே 20 முதல், இயற்கையில் மாறாத எண்ணான பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோகிராமை வரையறுத்துவிட்டார்கள். தேக்கா சந்தையில் மீன் எடைக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை.

[திரையில்: புளோக் நடைபாதையில் கறுப்பு உருளை]

கொசு விஷயம் அவ்வளவு எளிதில்லை. உங்கள் புளோக்கில் இந்தக் கறுப்பு உருளையைப் பார்த்திருப்பீர்கள். கிராவிட்ராப். உள்ளே தண்ணீர், சுற்றிலும் ஒட்டும் பரப்பு. முட்டையிட இடம் தேடி வரும், டெங்கி பரப்பும் பெண் ஏடிஸ் கொசு அதில் ஒட்டிக்கொள்ளும். பேட்டையில் மொத்தம் எத்தனை கொசு என்று இது சொல்லாது. ஒரு பொறிக்குச் சராசரியாக எத்தனை பெண் கொசு என்று மட்டும் சொல்லும். ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பொறி, ஒரே மாதிரி எண்ணும் முறை என்றால் போன வாரத்தை இந்த வாரத்தோடும், அந்தப் பேட்டையை இந்தப் பேட்டையோடும் ஒப்பிடலாம். கொசுப் பெருக்கத்தைக் குறைக்க, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா உள்ள ஆண் கொசுக்களை விட்ட இடங்களில் கொசு குறைந்ததா என்று பார்க்க இது போதும். டெங்கி நோய் குறைந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குக் கொசுவை எண்ணினால் போதாது, நோயாளிகளை எண்ண வேண்டும்.

[திரையில்: விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர்]

இப்போது நம் வீட்டு அலமாரிக்கு வருவோம். 2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு ஒன்றாக இலவசமாகக் கொடுத்த ஆக்சிமீட்டர் உங்களிடமும் இருக்கலாம். திரையில் 97 என்று வந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 97 விழுக்காடு என்று படிக்கிறோம். அந்தக் கருவி ரத்தத்தைத் தொடவே இல்லை. சிவப்பு ஒளி, அகச்சிவப்பு ஒளி என இரண்டை விரல் வழியாக அனுப்புகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபின் ஒன்றை அதிகம் விழுங்கும், ஆக்சிஜன் இல்லாதது மற்றதை அதிகம் விழுங்கும். நாடித்துடிப்போடு கூடிக் குறையும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் பங்கு கிடைக்கும். ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி 1970களில் கண்ட வழி இது. உண்மையிலேயே அழகான யோசனை.

ஆனால் கிடைப்பது ஒரு விகிதம்தான். அதை எப்படி 97 ஆக்குவது? ஆரோக்கியமான தன்னார்வலர்களைக் குறைந்த ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்க வைத்து, அதே நேரத்தில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதிப்பார்கள். இந்த விகிதத்துக்கு இந்த அளவு என்று அட்டவணை தயாராகும். எழுபது விழுக்காட்டுக்குக் கீழே யாரையும் கொண்டுபோவதில்லை, ஆபத்து. அதற்குக் கீழே காட்டும் எண் ஊகம்தான்.

அந்தத் தன்னார்வலர்களின் தோல் என்ன நிறம்? கருமையான தோலில் உள்ள மெலனினும் ஒளியை விழுங்கும். அமெரிக்காவின் 2013 வழிகாட்டுதலின்படி, சோதனைக்கு வருபவர்களில் குறைந்தது இரண்டு பேர் அல்லது 15 விழுக்காட்டினர், இரண்டில் எது அதிகமோ அத்தனை பேர், கருந்தோல் உடையவர்களாக இருந்தால் போதும். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடு, வெள்ளையர்களிடம் 3.6 விழுக்காடு. அந்த ஆய்வில் தமிழர்களைத் தனியாகப் பார்க்கவில்லை. ஆனால் நம்மில் பலருடைய நிறத்தை நினைத்தால், இதைச் சும்மா கேட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உடம்பு நன்றாக இருக்கும்போதே உங்கள் வழக்கமான எண்ணைக் குறித்து வையுங்கள். அதிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். மூச்சு வாங்குகிறது, எண் மட்டும் நன்றாக இருக்கிறது என்றால் மூச்சை நம்பி மருத்துவரிடம் போங்கள்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் உடல் நிறை குறியீட்டிலும் (பிஎம்ஐ) இதே கதைதான், ஆனால் இங்கே திருத்தினார்கள். ஒரே குறியீட்டு எண்ணில் ஆசியர்களின் உடலில் கொழுப்பு அதிகம் என்று தெரிந்த பிறகு, சிங்கப்பூரில் 25, 30 என்ற எல்லைகளுக்குப் பதிலாக 23, 27.5 என்று வைத்தார்கள்.

[திரையில்: 3.3, 2.5 என்ற இரு எண்கள்]

கடைசியாக, கருவியே இல்லாத அளவு. கேள்விதான் அங்கே கருவி. வீட்டில் அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்த இறக்கம் உண்மை, கவலைப்பட வேண்டியதும்கூட. ஆனால் ‘தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு’ என்று மேடையில் ஒருவர் சொன்னால் அது வேறு செய்தி. குடியிருப்பாளர் என்றால் குடிமக்களும் நிரந்தரவாசிகளும். தங்கும்விடுதிகளில் இருக்கும் தமிழ் ஊழியர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. கேட்டதும் ‘அதிகமாக’ எந்த மொழி என்றுதான். பிள்ளைகளோடு ஆங்கிலம், பாட்டியோடு தமிழ் என்று இருக்கும் வீட்டில், பிள்ளையின் பதில் ஆங்கிலம் என்றே பதிவாகும்.

2020இல் முதல்முறையாக, வீட்டில் அடுத்தபடியாகப் பேசும் மொழி எது என்றும் கேட்டார்கள். ஆங்கிலத்தை முதலில் சொன்னவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதாக ஒரு தாய்மொழியைச் சொன்னார்கள். அந்த இரண்டாவது தமிழ் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று இப்போதைக்கு இந்தக் கணக்கெடுப்பை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாதே. 2030இலும் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டால்தான் இரண்டாவது புள்ளி கிடைக்கும்.