கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட ஊர்

(வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைக்குத் தலைமை தாங்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இந்த நூலகத்தைச் சொந்த வீடு போலப் பார்த்துக்கொள்ளும் நூலகர் அம்மா அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகராட்சித் துணைத் தலைவர் அவர்களே, மாதம் தவறாமல் இந்தக் கூட்டத்துக்குச் சுண்டலும் காபியும் தந்து உபசரிக்கும் கடைவீதி வணிகப் பெருமக்களே, முன்வரிசையில் இடம் இருந்தும் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும் கல்லூரி மாணவ மாணவியரே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். துணைத் தலைவர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். தயவுசெய்து அதுவரை இருக்க வேண்டும்.

பால்கன் நாடுகளில் பலரும் பார்க்காமல் கடந்துபோகும் ஒரு தலைநகரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பல்கேரியாவின் தலைநகரமான சோஃபியாவை எடுத்துக்கொண்டேன். போய்ச் சேருவது எப்படி, பழைய ஊரை நடந்து பார்ப்பது எப்படி, மலை, சாப்பாடு, செலவுக் கணக்கு என்று ஐந்து செய்திகள் வைத்திருக்கிறேன்.

'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு வேலையைத் தொடங்கினால் வேறொன்று வந்து குறுக்கே நிற்கிறதே என்று சலித்துக்கொள்ளும் பழமொழி அது. சோஃபியாக்காரர்கள் புறப்பட்ட பூதத்தைக் கண்டு சலிக்கவில்லை. பாய் விரித்து உட்கார வைத்துவிட்டார்கள். அந்த ஊரை நாம் போய்ப் பார்க்க வேண்டியதற்கு முதல் காரணமே அதுதான்.

முதலில் போய்ச் சேருவது. 2025 ஜனவரி 1 முதல் பல்கேரியா முழுமையாக ஷெங்கன் வட்டத்துக்குள், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்துக்குள் வந்துவிட்டது. அதனால் ஷெங்கன் விசா இருந்தால் போதும். 2026 ஜனவரி 1 முதல் பணமும் யூரோ. பழைய லெவா நோட்டை யாராவது சில்லறையாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்து வாசலிலேயே மெட்ரோ இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் ஏறத்தாழ 20 நிமிடத்தில் ஊர் நடுவில் 'செர்திகா' நிலையம். ஆனால் சில மலிவு விமானங்கள் ஒன்றாம் முனையத்தில் இறக்கிவிடும். அங்கே மெட்ரோ கிடையாது. இரண்டு முனையங்களுக்கும் இடையே ஓடும் இலவசப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அது தெரியாமல் வெளியே வந்து, வழியில் நின்று கூப்பிடும் டாக்சியில் ஏறுகிறவர்கள்தான் பணத்தைத் தொலைக்கிறார்கள். பெயர்போன டாக்சிகளின் பெயரையும் நிறத்தையும் காப்பியடித்த வண்டிகள் உண்டு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கிலோமீட்டர் கட்டணத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஊர் திரும்பும்போது இன்னொரு கவனம் வேண்டும். மெட்ரோவின் முதல் தடமும் நான்காம் தடமும் பாதி வழி ஒன்றாகப் போய்ப் பிறகு பிரிகின்றன. விமான நிலையத்துக்குப் போவது நான்காவது. மற்றதில் ஏறினால் பிசினஸ் பார்க்கில் போய் நிற்பீர்கள்.

எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது சிரிலிக். ஆங்கில 'ஹெச்' உருவத்தில் இருப்பது 'ன', 'சி' உருவத்தில் இருப்பது 'ஸ', 'ஒய்' உருவம் 'உ', 'எக்ஸ்' உருவம் 'ஹ'. பலகையில் 'பெக்டோபாஹ்ட்' என்று படிக்கத் தோன்றினால் அது 'ரெஸ்டோரன்ட்'. ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முழு எழுத்தும் வந்துவிடும். மே 24 அன்று தங்கள் எழுத்துக்கும் பண்பாட்டுக்கும் நாடே விடுமுறை விட்டுக் கொண்டாடுகிற மக்கள் அவர்கள். கடைக்காரர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்'. நிமிர்த்தி ஒரு வெட்டு வெட்டினால் 'இல்லை'. நாமும் பக்கவாட்டில் ஆட்டித்தானே சம்மதம் சொல்கிறோம், அதனால் பாதி வேலை எளிது. நாம் மேலும் கீழும் ஆட்டி 'சரி' என்றால்தான் சிக்கல், கேட்ட பண்டத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். வாயால் 'தா' என்றால் ஆமாம், 'நே' என்றால் இல்லை. அதையே பழகிக்கொள்ளுங்கள்.

இனி நடை. செர்திகா நிலையத்தில் இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள். செர்திகா என்பது ரோமானியர் காலத்தில் அந்த நகரத்துக்கு வழங்கிய பெயர். கான்ஸ்டன்டைன் பேரரசர் 'செர்திகாவே என் ரோம்' என்று சொன்னதாக வழங்குகிறது. 2010 முதல் 2012 வரை மெட்ரோவின் இரண்டாம் தடத்துக்காகத் தோண்டியபோது அந்த நகரமே எழுந்து வந்தது. தெரு, வீடுகள், தெருவுக்கு அடியில் சாக்கடை, எல்லாம். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது! வேலை தாமதமானது, திட்டம் மாறியது. ஆனால் மூடவில்லை. இன்றைக்கு அலுவலகம் போகிறவர் கையில் காபியோடு ரோமானியத் தெருவின் பெரிய பெரிய கற்பலகைகள் மேல் நடந்து ரயிலைப் பிடிக்கிறார். டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது.

அங்கே ஒரு சுவர் அருகே குனிந்து பாருங்கள். சில வரி கல், அதன் மேல் சில வரி தட்டைச் செங்கல், மறுபடி கல் என்று அடுக்கியிருப்பார்கள். இடையில் இருக்கும் சாந்து வெள்ளையாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால், அது சுண்ணாம்போடு செங்கல் தூள் கலந்தது. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்று சொல்கிறார்களே, அதேதான். ஈரத்திலும் இறுகும். இன்னொன்றும் கவனியுங்கள். மேல்வரிசைகள் பல இடங்களில் இப்போது புதிதாக அடுக்கியவை, வழவழப்பாகவும் ஒரே நிறமாகவும் இருக்கும். அந்தப் புதுப்பிப்பு கொஞ்சம் அதிகம்தான் என்று அங்கேயே விமர்சனம் உண்டு, எனக்கும் அதே கருத்து. பழையதைப் பார்க்க முழங்காலுக்குக் கீழே பாருங்கள்.

அங்கிருந்து குடியரசுத் தலைவர் அலுவலகத்தின் முற்றத்துக்குள் போனால், நான்கு பக்கமும் அரசுக் கட்டடங்கள் சூழ, நடுவில் பள்ளத்தில் வட்டமான செங்கல் கோயில் ஒன்று நிற்கும். புனித ஜார்ஜ் ரொட்டுண்டா, 4 ஆம் நூற்றாண்டு. உள்ளே ஒன்றன் மேல் ஒன்றாக ஐந்து அடுக்குச் சுவரோவியங்களின் எச்சங்கள் இருக்கின்றன. படம் எடுக்கக் கூடாது. வெளியே குடியரசுத் தலைவர் அலுவலக வாசலில் ஒவ்வொரு மணிக்கும் காவல் மாறும். ஐந்து நிமிடம் முன்னால் போய் நின்றால் நன்றாகப் பார்க்கலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஓர் ஓட்டல் இருக்கிறது, பெயர் அரேனா தி செர்திகா. 2004 இல் அதைக் கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ரோமானியர்களின் வட்டரங்கு வெளிப்பட்டது. அதை உள்ளே வைத்தே ஓட்டலைக் கட்டியிருக்கிறார்கள். கிணறு வெட்டியவர் தனியார்தான், இருந்தும் பூதத்துக்கு இடம் விட்டிருக்கிறார்! துணைத் தலைவர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பத்து நிமிட நடைக்குள் நான்கு வழிபாட்டு இடங்கள்: 16 ஆம் நூற்றாண்டின் பான்யா பாஷி மசூதி, 1909 இல் திறந்த யூதர் ஆலயம், புனித நெதெல்யா ஆர்த்தடாக்ஸ் பேராலயம், புனித யோசேப்பு கத்தோலிக்கப் பேராலயம். யூதர் ஆலயத்தில் தொங்கும் சரவிளக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், சனிக்கிழமை பார்வையாளருக்கு அனுமதி இல்லை. 1943 இல் பல்கேரியாவின் ஏறத்தாழ 48,000 யூதர்களை நாஜி முகாம்களுக்கு அனுப்ப விடாமல் தடுத்தவர்களில் நாடாளுமன்ற உறுப்பினர் திமிதர் பேஷெவும், ஆயர்கள் ஸ்டெஃபானும் கிரிலும் முன்னே நின்றார்கள். அதே ஆண்டில், பல்கேரியாவின் ஆட்சியில் இருந்த திரேஸ், மாசிடோனியப் பகுதிகளிலிருந்து 11,000 க்கு மேற்பட்டோர் அனுப்பப்பட்டார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மசூதிக்குப் பின்னால் பழைய பொது வெந்நீர்க் குளியல் மாளிகை. இப்போது அது நகர வரலாற்று அருங்காட்சியகம். அதை ஒட்டித் திறந்த வெளியில் வரிசையாகக் குழாய்கள். இரவும் பகலும் கனிமநீர் ஓடுகிறது, காசு கிடையாது. பாட்டிகள் தள்ளுவண்டியில் பெரிய கேன்களைக் கொண்டுவந்து நிரப்புவார்கள். ஊற்றின் வெப்பம் ஏறத்தாழ 46 டிகிரி. அதனால் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், கெட்டியான பாட்டில் கொண்டுபோய்ப் பிடித்து ஆறவிட்டுக் குடியுங்கள்.

இப்போது ஒரு கதை சொல்கிறேன், எல்லோரும் கேட்க வேண்டும். 1949 ஜூலையில் பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் கியோர்கி திமித்ரோவ் மாஸ்கோ அருகே காலமானார். உடலைப் பதப்படுத்தி ரயிலில் கொண்டுவருகிறார்கள். வந்து சேருவதற்குள் நினைவு மண்டபம் தயாராக வேண்டும். எத்தனை நாள் இருக்கிறது? ஆறு நாள்! இரவு பகலாகக் கட்டினார்கள். ஆறே நாளில் வெள்ளைக் கற்கோட்டை எழுந்தது. நாற்பது ஆண்டுகள் மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆட்சி மாறியது. 1990 இல் உடலை எடுத்து அடக்கம் செய்தார்கள். மண்டபம் காலியாக நின்றது. வைத்துக்கொள்ளலாமா, இடிக்கலாமா என்று ஒன்பது ஆண்டு வாதம். கடைசியில் இடிப்பது என்று அரசு முடிவு செய்தது. 1999 ஆகஸ்ட் 21. சுற்றிலும் ஆட்களை அப்புறப்படுத்தி, வெடி வைத்து, நாடே பார்த்துக்கொண்டிருக்க, பொத்தானை அழுத்தினார்கள். பெரிய சத்தம், புகை. புகை விலகியது. மண்டபம் நிற்கிறது! ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மறுபடி வெடி, மறுபடியும் நிற்கிறது. நான்கு முயற்சி, ஒரு வாரம் ஆனது. கட்டியதைவிட இடிக்கத்தான் நாள் பிடித்தது என்று சோஃபியாவில் இன்றும் சொல்வார்கள். இன்று அந்த இடம் வெற்றுத் திடல். எதிரே பழைய அரண்மனை, பக்கத்தில் நகரத் தோட்டம். அங்கே முதியவர்கள் சதுரங்கம் ஆடுவதை நின்று பார்க்கலாம். திமித்ரோவின் கொள்கை நமக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு. இடித்ததை மறுபடி தோண்டி எடுக்க முடியாது. பூதத்தை அனுப்பிவிட்டால் கிணறும் வெறும் குழிதான்.

அந்த வட்டாரத்துத் தெருக்களில் மஞ்சள் செங்கல் பாவியிருக்கும். ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வரவழைத்து, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதித்தது. வெயிலில் பொன்னாக மின்னும், மழையில் சோப்புத் தேய்த்தது போல வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம். அந்த மஞ்சள் தடத்தையே பிடித்து நடந்தால் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயம். 1882 இல் தொடங்கி 1912 இல் முடித்தது, 45 மீட்டர் உயரப் பொற்குவிமாடம். எல்லோரும் அதைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எதிரே கூச்சத்தோடு நிற்கும் சிவப்புச் செங்கல் கோயிலுக்குப் போங்கள். 6 ஆம் நூற்றாண்டின் புனித சோஃபியா, ஊருக்கே பெயர் கொடுத்தது. அதன் அடியில் பழைய கல்லறை அறைகளைத் திறந்து காட்டுகிறார்கள்.

ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் போயானா கோயில், 1979 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஹ்லதில்னிகா நிலையத்திலிருந்து 64 ஆம் எண் பேருந்து. சிறு சிறு குழுவாக, பத்து நிமிடம் மட்டுமே உள்ளே விடுவார்கள். மூச்சுக்காற்றின் ஈரமும் சூடும் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் அந்தக் கட்டுப்பாடு. அந்த ஓவியங்கள் 1259 இல் தீட்டியவை. உள்ளே நேரம் குறைவு என்பதால், வெளியே காத்திருக்கும்போதே அவற்றைப் பற்றிப் படித்துவிடுங்கள். உள்ளே போனதும் கொடையாளர் கலோயானையும் அவர் மனைவி தெசிஸ்லாவாவையும் தேடுங்கள். கலோயான் கையில் அதே கோயிலின் சிறு உருவத்தை ஏந்தி நிற்கிறார். தெசிஸ்லாவாவின் கண்களைப் பார்க்கவே இரண்டு நிமிடம் வேண்டும்.

வித்தோஷா மலைக்கு 66 ஆம் எண் பேருந்து அலேகோ வரை போகும். அங்கிருந்து 2,290 மீட்டர் உயரமுள்ள செர்னி வ்ர்ஹ் சிகரத்துக்கு இரண்டு மணி நேர ஏற்றம். கீழே வெயில் அடித்தாலும் மேலே திடீரென்று மூடுபனி இறங்கும். காற்றுச்சட்டை இல்லாமல் ஏறாதீர்கள். 1895 இல் எழுத்தாளர் அலேகோ கோன்ஸ்தான்தினோவ் முந்நூறு பேரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிகரம் ஏறினார். அந்த நாட்டின் மலைநடை இயக்கமே அதிலிருந்துதான் தொடங்கியது.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கவலை இல்லை. 'பெஸ் மெசோ' என்றால் இறைச்சி இல்லாதது. 'போஸ்ட்னோ' என்றால் நோன்பு உணவு, பால்கூட இருக்காது. தராதோர் என்பது தயிரைத் தண்ணீர் விட்டுக் கரைத்து வெள்ளரி, பூண்டு, அக்ரூட் பருப்பு போட்ட குளிர்ந்த சூப்பு. நம் வெள்ளரிப் பச்சடிக்குச் சொந்தக்காரி. தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிரைக் கண்டு சொன்ன ஸ்தமென் கிரிகொரோவ் பல்கேரியர், ஆண்டு 1905. அதன் பெயரிலேயே பல்கேரியா இருக்கிறது. காலையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானித்சா சூடாக வாங்குங்கள், பத்து மணிக்கு மேல் ஆறிப்போய்விடும்.

செலவுக் கணக்கு இருக்கிறது, நேரம் இல்லை. அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் விண்ணப்பத்துக்கு வந்துவிடுகிறேன்.

துணைத் தலைவர் அவர்களே, கீழடியில் 2015 இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்தவற்றுக்கு 2023 இல் அருங்காட்சியகம் திறந்தோம். பெருமைதான். ஆனால் அது முறையாகத் தோண்டிய இடம். வடிகாலுக்கும் கடைக்கும் தோண்டும்போது கிடைக்கும் பானையோட்டுக்கும் உறைகிணற்று வளையத்துக்கும் நம் ஊர்களில் என்ன நடக்கிறது? லாரியில் ஏறிப் போகிறது, அல்லது அன்று இரவே சிமென்ட் விழுகிறது. நாங்கள் கேட்பது மூன்றே. தோண்டும்போது பழையது தென்பட்டால் ஒப்பந்ததாரர் வேலையை நிறுத்தித் தொல்லியல் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். படம் எடுத்து, அளந்து, பதிவு செய்யும்வரை மூடாதீர்கள். முடிந்த இடத்தில் ஒரு வளையத்தையாவது கண்ணாடி போட்டு, அதே தெருவில், இலவசமாக விட்டுவையுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை குனிந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது, பக்கத்தில் இரண்டு பேனா வைத்திருக்கிறோம். வீட்டு எண்ணோடு முழு முகவரியும் எழுதுங்கள். சென்ற முறை முகவரி இல்லை என்று சொல்லித்தான் திருப்பி அனுப்பினார்கள். வணக்கம்.