மாக்கியவெல்லியைத் திட்டியவர்களும் படித்தவர்களும்

நண்பர்களே, அரசியலில் யாராவது நரித்தனம் செய்தால் ‘மாக்கியவெல்லி’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம். பாவம், அந்த மனிதர் ராஜாவும் இல்லை, தளபதியும் இல்லை. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரக் குடியரசில் 14 ஆண்டுகள் வேலை பார்த்த அதிகாரி. 1512இல், முன்பு அந்த நகரை ஆண்ட மெடிச்சி குடும்பம் ஆட்சிக்குத் திரும்பியதும் வேலை போயிற்று. அடுத்த ஆண்டு ஒரு சதி வழக்கில் பெயர் அடிபட்டது. கைகளைப் பின்னால் கட்டி, கயிற்றில் தூக்கித் தூக்கிப் போட்டு வதைத்தார்கள். விடுதலையானதும் பண்ணை வீட்டில் ஒதுங்கி எழுதியதுதான் ‘இளவரசன்’; ஆட்சியைக் காக்கத் தேவைப்பட்டால் அரசன் பொய்யும் வஞ்சமும் செய்யத் தயங்கக்கூடாது என்று சொல்லும் புத்தகம். அதை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? அதே மெடிச்சி குடும்பத்துக்கு! வேலை கேட்டுப் போட்ட விண்ணப்பம் என்றே சொல்லலாம். நினைத்த பதவி கிடைக்கவில்லை.

அவர் இறந்தது 1527இல். புத்தகம் அச்சானது 1532இல். 1559இல் போப்பின் தடைப் பட்டியலில் ஏறியது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் இளவரசர் பிரடெரிக் அவரை அத்தியாயம் அத்தியாயமாக மறுத்து ஒரு நூல் எழுதினார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் திருத்திக் கொடுக்க, 1740இல் அது வெளிவந்தது. அதற்குள் பிரடெரிக் அரசராகிவிட்டார். அக்டோபரில் ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் கண்ணை மூடினார். பட்டத்துக்கு வந்த மகள் மரியா தெரசாவுக்கு வயது 23. டிசம்பரில் பிரடெரிக்கின் படை அவருக்குச் சொந்தமான சைலீசியா மாகாணத்துக்குள் நுழைந்தது. மறுப்பு நூலின் மை காய்ந்திருக்குமா என்பதே சந்தேகம்.

சரி, அப்படி என்ன புதிதாகச் சொல்லிவிட்டார்? சூதும் கொலையும் அரசர்களுக்குப் பழசு. கூலிப்படையை நம்பாதே, சொந்தப் படை வேண்டும் என்றார். அவரே திரட்டிய ஊர்ப்படை 1512இல் பிளாரன்ஸுக்குப் பக்கத்து ஊரான பிராட்டோவில் ஸ்பானியர் முன் சிதறி ஓடியது என்பது வேறு கதை. எனக்குப் பெரிதாகப் படுவது, அரண்மனைக்குள் கிசுகிசுத்ததை அவர் ஊருக்குப் புரியும் இத்தாலிய மொழியில் எழுதி வைத்தது.

1924இல் முசோலினி அவரைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதே முசோலினி சிறையில் அடைத்த இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷியும் தன் சிறைக் குறிப்பேடுகளில் மாக்கியவெல்லியைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதினார். ஆளப் பிறந்தவர்களுக்கு இந்த வித்தையெல்லாம் வீட்டிலேயே கிடைத்துவிடும். அது கிடைக்காத மக்களுக்காக எழுதியவர் இவர் என்பது கைதியின் வாசிப்பு.