சுட்ட தோட்டாவில் மிச்சம் என்ன? வீட்டில் தோட்டா நிரப்புவது பற்றி, சிங்கப்பூரிலிருந்து

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அக்கா மகன் இன்னும் சில மாதங்களில் என்எஸ், அதாவது கட்டாய தேசிய சேவைக்குப் போகிறவன். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் கைப்பேசியை முன்னால் நீட்டினான். அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து, சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தார். நெம்புகோலை அழுத்துகிறார், வெடிமருந்தை நிறுக்கிறார், குண்டைச் செருகுகிறார்.

“இதை நம்ம வீட்டுல செய்யலாமா மாமா?”

கூடாது. அதைச் சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது. சுட்டு முடித்த தோட்டாவில் என்னதான் மிச்சம் இருக்கிறது? அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

(திரையில்: சட்டத்தின் பெயரும் ஆண்டும்)

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். சிங்கப்பூரின் 1973ஆம் ஆண்டு ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படி. ஒரு பெட்டி தோட்டாவா, ஒரே ஒரு தோட்டாவா என்று அந்தப் பிரிவு வேறுபாடு காட்டுவதில்லை. 2021ல் நாடாளுமன்றம் துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதங்கள் மூன்றையும் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் ஒன்றையும் நிறைவேற்றியது. அனுமதி இல்லாமல் தோட்டா செய்வதும் வெடிமருந்து வைத்திருப்பதும் இங்கே பொழுதுபோக்கு ஆகாது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. அதனால்தான் அவர் கராஜில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வியட்நாமில் கூச்சி சுரங்கம் பார்க்கப் போகிறவர்கள், தோட்டாவில் செய்த சாவிக்கொத்தை நினைவுப்பொருளாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். வேண்டாம். சாங்கி விமான நிலையத்தில் அந்தப் பை எக்ஸ்ரேயில் போகும்போது, அது நினைவுப்பொருளா நிஜமா என்று திரைக்குத் தெரியாது.

சரி, இப்போது தோட்டாவுக்குள் போவோம்.

(திரையில்: நெடுக்காக வெட்டிய தோட்டாவின் வரைபடம்)

நாம் பொதுவாகத் தோட்டா என்று சொல்வது நான்கு பொருள்கள் சேர்ந்த ஒன்று. நுனியில் இருப்பது குண்டு. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பித்தளைக் குழல்தான் கூடு. கூட்டுக்குள்ளே மருந்து. அடியில் நடுவே ஒரு சின்னக் கிண்ணம், அது பிரைமர். துப்பாக்கியின் ஊசி பிரைமரை அடிக்கிறது, பிரைமரின் பொறி மருந்தைப் பற்றவைக்கிறது, மருந்து எரிந்து வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. கண் இமைக்கும் நேரத்தில் குண்டு போய்விட்டது, மருந்து எரிந்துவிட்டது, பிரைமர் செத்துவிட்டது.

கூடு மட்டும் திரும்பி வருகிறது. ஒரு தோட்டாவைச் செய்வதில் அதிக வேலை வாங்குவதும் அந்தக் கூடுதான்.

ஏன் பித்தளை? நம் வீட்டுக் குத்துவிளக்கும் பித்தளை, குடமும் பித்தளை. தோட்டாக் கூட்டுக்கு 100க்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்ற கலவை. வெடிக்கும்போது கூடு உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு அப்பிக்கொள்ளும். வாயு பின்னால் சுடுபவரின் முகத்துக்கு வராமல் அடைப்பது அதுதான். அழுத்தம் குறைந்ததும் ஒரு முடியளவு சுருங்கி, சுவரை விட்டு வெளியே வந்துவிடும். உப்பவும் வேண்டும், உடனே விடவும் வேண்டும். அந்தக் குணம் பித்தளைக்கு இருக்கிறது.

ஆனால் பித்தளையை அடிக்க அடிக்க அது இறுகும். பாத்திரம் அடிக்கும் கன்னாரைப் பார்த்திருந்தால் தெரியும்: கொஞ்சம் அடிப்பார், நெருப்பில் காட்டுவார், மறுபடி அடிப்பார். காட்டாமல் அடித்துக்கொண்டே போனால் விரிசல் விடும். தோட்டாக் கூட்டின் கழுத்துக்கும் அதே கதிதான். ஒவ்வொரு முறையும் உப்பிச் சுருங்கி, அச்சில் நசுங்கிக் கழுத்து இறுகிப்போகும். அதனால் கவனமாக நிரப்புகிறவர்கள் கழுத்தை மட்டும் சுடரில் காட்டி இளக்குகிறார்கள். அடிப்பாகத்தை மறந்தும் இளக்கக் கூடாது, அழுத்தம் முழுவதையும் தாங்குவது அதுதான்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் செய்தி ஒன்று. 1967ல் சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் என்ற நிறுவனத்தைத் தொடங்கியதே எம்16 துப்பாக்கிக்கான 5.56 மில்லிமீட்டர் தோட்டாக்களை இங்கேயே செய்வதற்குத்தான். அடுத்த ஆண்டே அதன் கீழ் சிங்கப்பூர் நாணயச்சாலையும் வந்தது. தோட்டா செய்த நிறுவனமே காசும் அடித்தது. எனக்கு இது வியப்பாகவே இல்லை. உலோகத் தகட்டை வெட்டி, அச்சில் அழுத்தி, ஒன்றைப்போல் ஒன்றாக ஆயிரக்கணக்கில் எடுப்பதுதான் இரண்டு வேலையும்.

(திரையில்: நெம்புகோல் கருவியின் கோட்டோவியம்)

கராஜில் அந்த மனிதர் செய்வது இதுதான். கூடுகளை முதலில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அடியிலிருந்து சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் சந்தேகப்படுகிறார். ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை வளைத்து, கூட்டின் உட்சுவரில் உரசிப் பார்க்கிறார். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் சுவர் அங்கே மெலிந்துவிட்டது, அடுத்த வெடியில் கூடு இரண்டாகப் பிரியலாம். அதைத் தூக்கி எறிகிறார். நல்ல கூட்டைச் சுத்தம் செய்து, அச்சில் நுழைத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார். செத்த பிரைமர் அப்போதே வெளியே விழுந்துவிடும். நீண்டுபோன கழுத்தை வெட்டி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து போட்டு, குண்டை அளவான ஆழத்துக்கு இறக்குகிறார்.

மருந்தை நிறுக்கும் அலகின் பெயர் கிரெயின், அதாவது தானியமணி. ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்த பரம்பரையில் வந்த நமக்கு இந்த நுணுக்கம் அந்நியமில்லை. சிராங்கூன் சாலை நகைக்கடைத் தராசு காற்றாடிக் காற்றில் ஆடாதிருக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருந்துத் தராசுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். நகைக்கடையில் தராசு தப்பினால் பணம் போகும், இங்கே தப்பினால் விரல் போகும்.

இது மிகையில்லை. 5.56ன் நெருங்கிய உறவான .223 தோட்டாவுக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. நம் கார் டயரில் இருப்பது முப்பது சொச்சம். கைத்துப்பாக்கிக் கூடுகள் பலவற்றில் மருந்து பாதிக்கும் கீழேதான் நிற்கும். பேச்சுக் கவனத்தில் அதே கூட்டில் இரண்டாம் முறை ஊற்றினாலும் வழியாது, கண்ணுக்கும் தெரியாது. மருந்தே போடாமல் விட்டால் அது வேறு ஆபத்து: பிரைமரின் வலுவில் மட்டும் குண்டு துப்பாக்கிக் குழலுக்குள் பாதி வழி போய் நிற்கும், அடுத்த குண்டு அதன் முதுகில் மோதும். அதனால்தான் அனுபவசாலிகள் நிரப்பும்போது தொலைக்காட்சி வைப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. மருந்து உற்பத்தியாளர் அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்துப் படிப்படியாகத்தான் ஏறுகிறார்கள். ஒரு மேசையில் ஒரு நேரத்தில் ஒரே மருந்து டப்பா. நான் இதையெல்லாம் அக்கா மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் அந்த வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி மறுபடி பார்த்தான். அந்த மனிதர் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது.

(திரையில்: 10 மீட்டர் இலக்குத் தாள்)

எல்லாத் தோட்டாவையும் மறுபடி நிரப்பவும் முடியாது. ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டிகளில் சுடும் .22 தோட்டாவுக்குத் தனிப் பிரைமரே இல்லை. பற்றவைக்கும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது, ஊசி அந்த விளிம்பை நசுக்கிவிடும். ஒரு முறை சுட்டதோடு அதன் ஆயுள் சரி.

சிங்கப்பூர் பெயர் வாங்கிய ஆட்டம் இதுதான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜாஸ்மின் சேர் 50 மீட்டர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்டில் மார்ட்டினா வெலோசோ இரண்டு தங்கம் வாங்கினார், அதில் ஒன்று 10 மீட்டர் ஏர் ரைஃபிள். ஏர் ரைஃபிளில் மருந்தே கிடையாது. அரை கிராமுக்குச் சற்று அதிகமான ஈயமணியை அழுத்திய காற்று தள்ளுகிறது. இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்.

நுணுக்கத்தில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் கைகாட்டுவேன். ஏர் ரைஃபிளும் இங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட ஆயுதம்தான், வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. பள்ளிகள் சிலவற்றில் இணைப்பாட நடவடிக்கையாக இருக்கிறது, கிளப்புகள் இருக்கின்றன. ஈயமணியின் தலை 4.49 மில்லிமீட்டரா 4.50ஆ என்பதற்காக டப்பா டப்பாவாகச் சுட்டுப் பார்க்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கராஜ்காரரின் பொறுமையை அங்கே முழுதாகக் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், என்எஸ்.

நான் சேவை செய்தபோது ஒரு நாள், ரேஞ்சில் சுட்டு முடித்ததும் வழக்கம்போல் கூடுகளை எண்ணினோம். கொடுத்த தோட்டா எத்தனையோ அத்தனை கூடு திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினோம், குறைந்தது. மழை தூறத் தொடங்கியது. பிளாட்டூன் முழுவதும் வரிசையாக மண்டியிட்டுப் புல்லை விரலால் கோதிக்கொண்டே நகர்ந்தோம். ஒரு பித்தளைத் துண்டுக்கு இவ்வளவா என்று அப்போது தோன்றியது. சார்ஜன்ட் சத்தம் போடவில்லை. “கூடுதான் ரசீது. ரசீது இல்லையென்றால் அந்தத் தோட்டா எங்கேயோ உயிரோடு இருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டும்” என்றார்.

கூடு என்னிடம்தான் இருந்தது. என் இடப்பக்கம் படுத்துச் சுட்டவனின் துப்பாக்கியிலிருந்து தெறித்து, பூட்ஸுக்கு மேலே எலாஸ்டிக் போட்டு மடித்திருந்த என் பேண்ட் மடிப்பில் விழுந்து கிடந்தது. எழுந்து நின்று காலைத் தடவியபோது விரலில் தட்டியது. எல்லாரும் வரிசையில் நின்று, உயிருள்ள தோட்டாவோ வெற்றுக் கூடோ என்னிடம் இல்லை என்று அறிவிக்கும் நேரத்துக்கு முன்பே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். ரேஞ்சுக்குப் போகும் நாளில் பாக்கெட், பவுச், சட்டைக் காலர், பேண்ட் மடிப்பு, இந்த நான்கையும் கையால் தடவிப் பார்த்த பிறகுதான் அறிவிப்புக்கு வாயைத் திறக்க வேண்டும் என்று. அவன் எழுந்து நின்று, அங்கேயே ஒரு முறை செய்து காட்டினான்.