தோல்விக்குப் பிறகும் தங்கும் ரசிகர்

நேயர்களுக்கு என் வணக்கம்.

விளையாட்டு ரசிகரின் மனப்போக்கைப் பற்றி 1976-ல் வெளியான ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும், அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில், அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முடிந்து வரும் திங்கட்கிழமைகளில் மாணவர்கள் என்ன உடுத்தி வருகிறார்கள் என்று கவனித்தார்கள். அணி வென்றிருந்தால், பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ பொறித்த உடைகள் வகுப்பறைகளில் அதிகம் தென்பட்டன. தொலைபேசியில் விசாரித்தபோதும், வென்ற ஆட்டத்தை "ஜெயித்தோம்" என்று தமதாக்கிக்கொள்ளும் போக்கு அதிகமாக இருந்தது; தோற்ற ஆட்டத்தை "தோற்றோம்" என்று தமதாக்கிக்கொள்ளும் போக்கு குறைவாக இருந்தது.

ஆயினும் எல்லோரும் இப்படி ஒதுங்குவதில்லை. அணியைத் தம் அடையாளத்தின் ஒரு பகுதியாகவே கொண்டுவிட்டவர்கள் தோல்வியிலும் விலகாமல் நிற்கிறார்கள் என்பதை டேனியல் வான், நைலா பிரான்ஸ்கோம்ப் ஆகியோரின் 1990-ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துரைத்தது. சுதந்திரமான விளையாட்டு ஊடகம் நம்பியிருக்க வேண்டியது இவர்களைத்தான் என்பது என் உறுதியான கருத்து. விளம்பர வருவாய்க்கு வெற்றி நாளின் பெருங்கூட்டம் போதும். சந்தாவுக்கோ ஆண்டு முழுவதும் உடனிருப்பவர் வேண்டும்.

அமெரிக்காவின் 'டெட்ஸ்பின்' இணைய இதழில் நடந்ததைப் பாருங்கள். விளையாட்டைத் தவிர வேறெதையும் எழுதக் கூடாது என்று 2019 அக்டோபரில் நிர்வாகம் ஆணையிட்டது. அதற்கு உடன்படாத துணை ஆசிரியர் நீக்கப்பட்டதும், ஆசிரியர் குழுவினர் சில நாட்களுக்குள் கூண்டோடு பதவி விலகினார்கள். அவர்களில் பலர் ஒன்றுசேர்ந்து 2020 செப்டம்பரில் 'டிஃபெக்டர்' என்னும் இதழைத் தொடங்கினார்கள். உரிமை ஊழியர்களிடமே இருக்கிறது. வருவாயின் பெரும்பகுதி வாசகர் சந்தா. பழைய பெயரும் சின்னமும் முதலாளியிடம் இருக்க, வாசகர்களோ எழுதியவர்களைத் தேடி வந்தார்கள். அந்தப் பழைய பெயர் 2024-ல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, அங்கிருந்த ஊழியர்கள் வேலையிழந்தார்கள்.

இந்த வழியிலும் ஓர் ஆபத்து உண்டு. சந்தா செலுத்துபவர் தம் அணியின்மேல் தீராப் பற்றுடையவர். அவர் மனம் நோகுமோ என்றெண்ணி வீரரின் தவற்றையும் கழக நிர்வாகத்தின் முறைகேட்டையும் மென்று விழுங்கத் தொடங்கினால், விளம்பரதாரருக்குப் பணிவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆகவே, புதிதாகத் தொடங்கும் ஓர் இதழின் வலிமையை, தொடக்க மாதத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைக் கொண்டு நான் மதிப்பிடமாட்டேன். அணி படுதோல்வி கண்டு, அந்த இதழும் அதைக் கடுமையாக விமர்சித்த ஒரு பருவத்துக்குப் பிறகு, எத்தனை பேர் சந்தாவைப் புதுப்பித்தார்கள் என்றுதான் கேட்பேன்.