உருவ ஓவியமும் உள்ளத்தின் சாயலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த, நாம் கண்டேயிராத ஒருவருடைய உருவ ஓவியத்தைப் பார்த்து, 'இவர் இப்படிப்பட்டவராகத்தான் இருந்திருப்பார்' என்று தயங்காமல் சொல்லிவிடுகிறோம். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாதபோது இந்த உறுதி எங்கிருந்து வருகிறது? முகத்தின் அமைப்பைக் கொண்டு குணத்தைக் கணிக்கலாம் என்ற பழைய சாமுத்திரிகா நம்பிக்கை எனக்கு இல்லை. படத்தின் ஒரு பகுதி சொல்வதை இன்னொரு பகுதி மறுக்கும் இடத்தில்தான் மனிதர் நமக்குப் புலப்படுகிறார் என்று கருதுகிறேன்.

ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் 1650இல் ரோம் நகரில் தீட்டிய போப் பத்தாம் இன்னசென்ட்டின் படத்தை எடுத்துக்கொள்வோம். திரை, இருக்கை, தொப்பி, மேலாடை என எங்கும் சிவப்பு பரவி அதிகாரத்தைப் பறைசாற்றுகிறது. மோதிரம் அணிந்த வலக்கை இருக்கையின் மீது தளர்ந்து கிடக்கிறது. கண்களோ சற்றும் தளராமல், எதிரில் நிற்பவரை ஐயத்தோடு அளக்கின்றன. 'அளவுக்கு மிஞ்சிய உண்மை' என்று போப்பே சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ இல்லையோ, படத்துக்குப் பொருந்துகிறது.

அதே ஆண்டில், அதே நகரில், தமக்கு அடிமையாக இருந்த உதவியாளர் ஹுவான் தெ பரேஹாவையும் வெலாஸ்கெஸ் வரைந்தார். தலை நிமிர்ந்து, ஒரு கையை உடலின் குறுக்கே வைத்து, அகன்ற வெள்ளைக் கழுத்துப்பட்டியுடன் நிற்கும் அந்த மனிதரின் பார்வையில் கெஞ்சலும் இல்லை, சீற்றமும் இல்லை. விடுதலைப் பத்திரம் அவ்வாண்டின் இறுதியில்தான் எழுதப்பட்டது. அதிலும் மேலும் நான்காண்டுகள் பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. அதிகாரம் மிக்க போப்பின் முகத்தில் காணாத அமைதியை உரிமையற்றவரின் முகத்தில் காண்கிறோம் என்பதை, இரு படங்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1654இல் வரைந்த, தம் நண்பர் யான் சிக்ஸின் படத்தில் இந்த முரண் தூரிகையிலேயே இருக்கிறது. கையுறையை இழுத்துக்கொண்டிருக்கும் கைகளை விரைந்த, முரட்டுத் தீற்றல்களால் முடித்துவிட்டு, முகத்தை மட்டும் பொறுமையாக உருவாக்கியிருக்கிறார். ஆதலால் உடல் வெளியே கிளம்பிவிட்டது, மனம் இன்னும் ஏதோ நினைவில் நின்றுவிட்டது என்று தோன்றுகிறது. (பழைய படங்களில் யாரும் வாய்விட்டுச் சிரிப்பதில்லையே என்று கேட்பவர்கள், ஒரு மணி நேரம் சிரித்த முகத்தோடு அமர்ந்து பார்க்கட்டும்.)

நெடுநேரம் அமர்வதே போதும் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனைப் பலமுறை எதிரில் அமர்த்தி வரைந்த பிக்காசோ, வரைந்த தலையை அழித்துவிட்டு ஸ்பெயினுக்குச் சென்றார். 1906இல் திரும்பி வந்தபின், ஸ்டைன் எதிரில் இல்லாமலேயே முகத்தை வரைந்து முடித்தார். முகமூடி போன்ற அந்த முகம் உடலின் மற்றப் பகுதிகளோடு ஒட்டவில்லை. ஸ்டைன் அதைத் தம் ஆயுள் முழுவதும் தம்மிடமே வைத்திருந்து, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு உயில் எழுதி வைத்தார்.