இமை சரியும் நோய்: இருபதிலும் எழுபதிலும்

நேயர்களுக்கு வணக்கம்.

மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு தசைச் சோர்வு நோய். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1984-இல் வந்தது இதுதான். காலையில் ஆள் தெளிவாக இருப்பார். பொழுது சாயச் சாய ஒரு கண் இமை இறங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். சிலருக்குப் பாதிச் சாப்பாட்டிலேயே தாடை சோர்ந்துவிடும். கொஞ்சம் ஓய்வெடுத்தால் தேவலை.

நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை அனுப்பித்தான் தசையை இயக்குகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை உடம்பே எதிரியாக நினைத்து, ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கித் தாக்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். ஆனால் நோய் எந்த வயதில் தொடங்கியது என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறிவிடும்.

ஐம்பதுக்கு முன் தொடங்குபவர்களில் பெண்கள் அதிகம். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. சொந்த உடம்பைத் தாக்கக் கூடாது என்று நோய் எதிர்ப்புச் செல்களுக்குப் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கூடம் அது. வயது ஏற ஏறச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். இந்த இளம்பெண்கள் பலருக்கோ அது பருத்திருக்கும். தாக்கும் ஆன்டிபாடி அங்கேயே உற்பத்தியாகும். அதனால் அந்தச் சுரப்பியை அறுவை செய்து எடுப்பது பலன் தருகிறது. 18 முதல் 65 வயது வரையிலான 126 பேரை வைத்து நடந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. அறுவை செய்துகொண்டவர்களுக்கு நோயின் கடுமையும் குறைந்தது, நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தின் தேவையும் குறைந்தது. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இன்னும் எத்தனையோ ஆண்டுகள் இருக்கின்றன. அத்தனை ஆண்டும் விழுங்கப்போகும் ஸ்டீராய்டைக் குறைக்க முடியும் என்றால், அறுவையைப் பற்றி அவளிடம் காலத்தோடு பேசிவிட வேண்டும் என்பேன்.

எழுபது வயதில் வந்தால் கதை வேறு. இந்த வயதில் ஆண்கள்தான் அதிகம். தைமஸ் ஏற்கெனவே சுருங்கியிருக்கும், எடுப்பதால் பெரிய லாபமில்லை. ஆனாலும் எந்த வயதானாலும் நெஞ்சுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் அவசியம். ஏனென்றால் நூறு நோயாளிகளில் பத்துப் பதினைந்து பேருக்கு அந்தச் சுரப்பியில் கட்டி இருக்கும், அதை எடுத்தாக வேண்டும்.

முதியவர்களில் எனக்கு அதிகம் வருத்தம் தருவது, நோய் கண்டுபிடிக்கப்படாமலே போவதுதான். "வயசாச்சு, இமை தொங்கத்தான் செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பேச்சுக் குழறினால் பக்கவாதம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். திடீரென்று வாய் குழறினால் பக்கவாதமாகவே எண்ணி உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், அதில் தாமதம் கூடாது. ஆனால் ஸ்கேனில் ஒன்றும் இல்லை, மாலையானால் தொல்லை கூடுகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது என்றால், "டாக்டர், இது மயஸ்தீனியாவாக இருக்குமா?" என்று கேளுங்கள். இந்த வயதினரில் பெரும்பாலோருக்கு ஒரு ரத்தப் பரிசோதனையே காட்டிக்கொடுத்துவிடும். அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாமல் காக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரைக்கும் குறைந்த அளவு ஸ்டீராய்டுக்கும் நோய் நன்றாகவே கேட்கும். ஸ்டீராய்டு எடுப்பதால் சர்க்கரையையும் எலும்பையும் மட்டும் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறு குழந்தைகளுக்குப் பல நேரம் கண்ணோடு நின்றுவிடும், சிலருக்குத் தானாகவே அடங்கும். இருந்தாலும் மூடிய இமை பார்வை வளர்ச்சியைக் கெடுக்கலாம், அதனால் கண் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

எந்த வயதினரானாலும் வேறு எதற்காக மருந்துக் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனாலும் இந்த நோயை முதலில் சொல்லிவிடுங்கள். ஜென்டாமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் தசைச் சோர்வைக் கூட்டும். மூச்சு வாங்கினாலோ, விழுங்க முடியாமல் புரையேறினாலோ, இருமக்கூட வலு இல்லாவிட்டாலோ, இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.